கிட் என்று கூப்பிட ஆளில்லை

மனைவி பெரிலை அடக்கம் பண்ணிய மறு வாரம், வியாழக்கிழமை சாயந்திரம், வில்ஃப் கிளப்புக்குப் போனான். எழுபது தாண்டிய மனுஷனைப் போய் 'அவன்' என்கிறேனே என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். மரியாதை கொடுத்தால் அவனுக்கு ஆகாது. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

இங்கிலீஷ்காரர்கள் ஊரான ராச்டேலில் மழை இல்லாத வியாழக்கிழமை என்று ஒன்று கிடையாது. தொப்பியை உதறிக்கொண்டே மில்கேட் தொழிலாளர் கிளப்பின் கதவைத் தள்ளினான். ஜன்னலோரத்து மேஜையில் வழக்கம்போல சிரில், நாபி, ரே மூன்று பேரும் டாமினோ காய்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது நாற்காலி வில்ஃபுடையது. அவன் உள்ளே கால் வைத்ததும் சிரில் என்ன சொல்லுவான் என்று அவனுக்குத் தெரியும். "வந்துட்டான்யா கிழட்டு கிட்! எவன் செத்துட்டான்னு இவ்வளவு லேட்டு?" அப்படித்தான் சொல்லுவான். இன்றைக்கு நிஜமாகவே ஒருத்தி செத்திருக்கிறாள், ஆகவே பின்பாதியை விட்டுவிடுவான், முன்பாதியை மட்டும் சொல்லுவான் என்று வில்ஃப் எதிர்பார்த்தான்.

சிரில் எழுந்து நின்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்க வில்ஃப்ரெட். உக்காருங்க. உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

வில்ஃப் பின்னால் திரும்பிப் பார்த்தான். வேறு எந்த வில்ஃப்ரெட்டாவது கூட வந்துவிட்டானோ என்று. யாருமில்லை. அந்த முழுப்பெயரை அவன் அம்மா கோபம் வந்தால் கூப்பிடுவாள். கல்யாணத்தன்று பாதிரியார் ஒருமுறை கூப்பிட்டார். அதோடு சரி.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றான்.

"ஒண்ணும் ஆகல. நீங்க உக்காருங்க. நாபி, அவருக்கு ஒரு பிட்டர் பியர் வாங்கிட்டு வா. இன்னிக்கு நீங்க காசு எடுக்கவே கூடாது வில்ஃப்ரெட்."

நாபி ஓடினான். ரே தலையைக் குனிந்துகொண்டு காயைத் தடவினான். அன்றைக்கு முழுக்க ஒருத்தன்கூட வில்ஃபைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை.

கிட் என்கிற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் குழந்தையைச் சொல்கிற கிட் இல்லை இது, வேறு வார்த்தை. அந்த ஊரில் பஸ் வராவிட்டால் டிரைவர் ஒரு கிட். மந்திரிகள் எல்லாருமே கிட். கதவில் விரலை நசுக்கிக்கொண்டால் அந்தக் கதவும் கிட்தான். உருப்படாத பயல், முட்டாள், எரிச்சல் பிடித்தவன் என்று எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய அர்த்தம் வேறு. ஒருத்தி பெற்றுப் போட்டது என்பதுதான் பழைய அர்த்தம். கோயில் மணி அடிக்காமல், மோதிரம் மாற்றாமல், ஊருக்குத் தெரியாமல் பெற்றது. நம் ஊர்ச் சண்டையில் 'அப்பன் பேர் தெரியாதவனே' என்று கத்துவார்கள் பாருங்கள், அதேதான். சொல்லிச் சொல்லி அந்த அர்த்தம் தேய்ந்து, இப்போது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

வில்ஃபுக்குத் தெரியும். ஏனென்றால் அவன் அதுவாகவே பிறந்தவன்.

யுத்த காலம். அவன் அம்மா ஆனி பஞ்சு ஆலையில் வேலை பார்த்தவள். அப்பன் ஒரு சிப்பாய் என்று ஒரு பேச்சு, வேறு யாரோ என்று ஒரு பேச்சு. ஆனி வாயே திறக்கவில்லை. அந்தத் தெருவில் பெண்கள் சனிக்கிழமை காலையில் மண்டியிட்டு வாசல்படியைக் கல்லால் தேய்த்து வெள்ளையாக்குவார்கள். ஆனி படியைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால், கதவில் அந்த வார்த்தை சாக்பீஸால் எழுதியிருக்கும். அதையும் தேய்ப்பாள். அடுத்த வாரம் மறுபடி எழுதியிருக்கும். எழுதியது பக்கத்து வீட்டுப் பையன்களா, பக்கத்து வீட்டு அம்மாக்களா என்று கடைசிவரை தெரியவில்லை. கொஞ்ச நாளில் ஆனி முன்வாசலைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள்.

அந்தப் பயல் வளர்ந்து வார்ப்படத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். முதல் நாள். அவனைவிடக் கொஞ்சம் மூத்த ஒருத்தன், மணல் அப்பிய முகத்தோடு, "ஏ கிட், அந்த வாளியை இங்க தள்ளு" என்றான். வில்ஃப் வாளியைத் தள்ளவில்லை. போய் அவன் வாயிலேயே ஒரு குத்து விட்டான். முன்பல் பாதி உடைந்து விழுந்தது. குத்து வாங்கியவன்தான் சிரில்.

மேஸ்திரி வந்து விசாரித்தபோது சிரில், "நானே வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்றான். மறுநாள் மத்தியானம் இறைச்சி அடைத்துச் சுட்ட தன் பலகாரத்தை இரண்டாகப் பிட்டு வில்ஃபிடம் நீட்டினான். "சாப்பிடுடா கிட். குத்துறதுக்குத் தெம்பு வேணாமா?" வில்ஃப் அவனைக் கவனித்தான். அவன் மேஸ்திரியையும் முதுகுக்குப் பின்னால் கிட் என்றான். சொந்த அண்ணனை கிட் என்றான். தன் நாயை கிட் என்றான். அந்த வாயில் அந்த வார்த்தைக்கு விஷமே இல்லை. உடைந்த பல் வழியாகக் கொஞ்சம் காற்றும் சேர்ந்து வந்தது, அவ்வளவுதான். வில்ஃப் பலகாரத்தை வாங்கிக்கொண்டான். ஏன் குத்தினேன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

பெரிலிடம் மட்டும் சொன்னான். அவள் நூலகத்தில் வேலை பார்த்தவள், எதையும் புரட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். "லாயத்துல குதிரை போட்ட குட்டிக்கு ஒரு காலத்துல இந்த வார்த்தையைத்தான் சொல்லுவாங்களாம். பொறந்தது எல்லாமே கிட்தான். நான் கிட், அந்தப் பாதிரியார் கிட், அரண்மனையில பொறந்தவங்களும் கிட்" என்றாள். கல்யாணமான மறுநாள் காலையிலிருந்து அவளும் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். சமையல்கட்டிலிருந்து மாடிப்படியைப் பார்த்து ஒரு சத்தம் வரும். "டீ ஆறுது, கிழட்டு கிட்!" இளவயசில் கிழட்டு இல்லை, அது பின்னால் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவன் வாழ்நாளெல்லாம் எழுந்தான்.

இப்போது அலாரம் வைத்துக்கொண்டு எழுந்தான். அலாரம் வில்ஃபை ஒன்றும் சொல்லாது.

அடுத்த வியாழக்கிழமையும் கிளப்பில் அதே மரியாதை. அதற்கடுத்த வியாழக்கிழமையும். அவன் வந்தால் மேஜையில் சிரிப்பு நின்றது. நாபி கோட்டை வாங்கி மாட்டினான். ரே, "குளிருதா? ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்றான். அந்த ரே போன குளிர்காலத்தில் வில்ஃப் ஜன்னலைச் சாத்தச் சொன்னதற்கு, "போடா, போய் உங்க ஆத்தா மடியில உக்காரு" என்றவன். பார் மேஜைக்குப் பின்னால் நிற்கிற மாரீன்கூட, "என்ன கண்ணு வேணும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்பதுபோல இருந்தது.

அந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்தால்தான் அவன் பயம் புரியும். அங்கே ஆம்பிளைகள் அன்பு இருந்தால் திட்டுவார்கள். திட்ட ஆளில்லாதவனுக்கு நட்பு இல்லை என்று அர்த்தம். மரியாதையாகப் பேசுவது இரண்டு பேரிடம்தான். ஒருத்தர் போலீஸ்காரர். இன்னொருத்தர் சாகக் கிடக்கிறவர். வில்ஃப் போலீஸ் இல்லை.

இரண்டு ராத்திரி தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு டாக்டரிடம் போனான். டாக்டர் பிரைஸ் சின்னப் பெண்.

"நான் சாகப்போறேனாம்மா?"

"எல்லாரும்தான் மிஸ்டர் ஹாவர்த்."

"அது தெரியும். நான் சீக்கிரமா போறேனான்னு கேக்கறேன். என்கிட்ட மறைச்சுட்டு வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானே இருக்கு. யார் என்ன சொன்னாங்க உங்ககிட்ட?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு. ஊரே என்கிட்ட மரியாதையா பேசுது."

டாக்டர் சிரிக்கப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்டாள். துணையை இழந்தவர்கள் மாதா கோயில் கூடத்தில் கூடிப் பேசுகிறார்கள், போய்ப் பாருங்கள் என்றாள். போனான். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். சட்டையில் பெயர் எழுதி ஒட்டினார்கள். வில்ஃப்ரெட். ஒரு அம்மாள் பிஸ்கட் தட்டை நீட்டி, "மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டிடுங்க வில்ஃப்ரெட்" என்றாள். என்னத்தைக் கொட்டுவது? 'என்னைத் திட்ட ஆளில்லை' என்று சொன்னால் அடுத்த வாரம் பிஸ்கட்டுக்குப் பதில் மாத்திரை நீட்டுவாள். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்துவிட்டான்.

சரி, தானாக வரவில்லை என்றால் வரவழைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பினான். சிரிலின் பியரைத் தெரியாததுபோலத் தட்டி அவன் மடியில் கொட்டினான். சிரில் துடைத்துக்கொண்டே, "பரவாயில்ல, பழைய பேண்ட்தான்" என்றான். எல்லாருக்கும் பியர் வாங்குகிற தன் முறை வந்தபோது வில்ஃப் வாங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முறையை ஏமாற்றுகிறவனை அந்த ஊரில் வெட்டிப் போட்டாலும் கேட்க ஆள் வராது. சிரில் சத்தமில்லாமல் எழுந்து போய் வில்ஃபுக்கும் சேர்த்து வாங்கி வந்தான். சிரிலின் கால்பந்து அணியைப் பற்றி வில்ஃப் கேவலமாகப் பேசினான். "நீங்க சொல்றதும் சரிதான்" என்றான் சிரில். அப்படி ஒரு பதிலை அந்த கிளப் சுவர்கள் கேட்டதே இல்லை.

கடைசியில் கோப்பை ஆட்டம் வந்தது.

டாமினோ லீகின் இறுதி ஆட்டம். எதிரணி கால்வாய்க்கரை கிளப். போன வருஷமும் அவர்களிடம்தான் தோற்றார்கள், அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். இந்த வருஷம் கோப்பையை வாங்கியே தீருவது என்று சிரில் கோடைக்காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். பார் மேஜைக்குப் பின்னால் அலமாரியில் இடம்கூட ஒழித்து வைத்தாயிற்று. வில்ஃபும் சிரிலும் ஜோடி. ஆட்டம் கடைசிக் கைவரைக்கும் சமமாக வந்தது. கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. டாமினோவில் மேஜையில் கிடக்கிற புள்ளிக்குப் பொருந்துகிற காயைத்தான் போட முடியும். எதிராளி லென் என்கிற தடியன், கையில் ஒரே ஒரு காயோடு, ஆறு எப்போது விழும் என்று காத்திருந்தான். அவனிடம் இருப்பது ஆறு என்று கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வில்ஃபுக்கும் தெரியும். வில்ஃப் மூன்றைப் போட்டிருந்தால் லென் திணறியிருப்பான், அடுத்த முறை சிரில் ஆட்டத்தை முடித்திருப்பான்.

வில்ஃப் ஆறை எடுத்து வைத்தான். மேஜையில் நன்றாகத் தட்டியே வைத்தான்.

லென் தன் காயைப் பக்கத்தில் போட்டான். முடிந்தது. அரங்கமே ஐயோ என்றது. வில்ஃப் சிரிலைப் பார்த்தான். சொல்லுடா, இப்பவாவது சொல்லுடா, என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

சொன்னது லென். "என்னடா கிழட்டு கிட், கண்ணு அவிஞ்சுபோச்சா? தேங்க்ஸ்டா!"

அந்த ஒரு நொடி வில்ஃபின் நெஞ்சில் வெதுவெதுப்பாக என்னமோ பரவியது. முன்பின் பழகாத தடியன், ஆனாலும் அந்த வார்த்தை. சிரிக்கப்போனான். அதற்குள் சிரில் மேஜையைச் சுற்றி வந்து லென்னின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான்.

"மரியாதையா பேசு! இவரை அந்த வார்த்தை சொன்ன, இங்கேருந்து உருப்படியா போகமாட்ட! மன்னிப்புக் கேளு!"

லென் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டான். சிரில் மூச்சு வாங்க வில்ஃப் பக்கம் திரும்பி, அவன் தோளில் கை வைத்து, "யாருக்கும் நடக்கிறதுதான் வில்ஃப்ரெட். கண்ணு சரியா தெரிஞ்சிருக்காது. மனசுல வச்சுக்காதீங்க" என்றான்.

வில்ஃப் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அதற்கப்புறம் அந்த கிளப்புக்குப் போகவில்லை.

வீட்டில் பேச்சில்லாமல் நாட்கள் போயின. கடைக்காரப் பெண், "பை வேணுமா?" என்பாள். அவன், "வேண்டாம்" என்பான். சில நாள் அதுதான் அவன் பேசிய மொத்தப் பேச்சு. பெரிலின் நாற்காலி அடுப்புப் பக்கத்தில் அப்படியே இருந்தது, அதன் முதுகில் அவள் கம்பளி மேல்சட்டை. ஒரு நாள் காலை சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்து, "என்னடா கிழட்டு கிட்" என்று தானே சொல்லிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வருமா? நுரையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். இப்படியே ஒரு நாள் தன்னை மரியாதையோடு தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்கள் என்று நினைத்தான். அழுகைகூட வரவில்லை.

நவம்பரில் ஒரு மத்தியானம் முன்கதவு தட்டப்பட்டது.

அந்தத் தெருவில் முன்கதவை யாரும் தட்டமாட்டார்கள். தெரிந்தவன் என்றால் சந்து வழியாகச் சுற்றி, கொல்லையைத் தாண்டி, சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவான். முன்கதவு பாதிரியாருக்கு, போலீசுக்கு, சவப்பெட்டிக்கு. கடைசியாகப் பெரிலுக்குத் திறந்தது. தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது. வில்ஃப் தோளால் முட்டித் திறந்தான்.

சிரில். கோட்டு, டை, தலையைப் படிய வாரியிருந்தான். கையில் துணி போட்டு மூடிய ஒரு தட்டு.

"எங்க வீட்டுல ஷீலா கேக் பண்ணா. குடுத்துட்டு வரச் சொன்னா. நீங்க கிளப் பக்கமே வர்றதில்லயே."

"உனக்கு என் வீட்டுக்கு வழி மறந்துபோச்சா?"

"இல்ல... சொல்லாம கொள்ளாம உள்ள நுழையக் கூடாதேன்னு..."

"என்னடா வேணும் உனக்கு? நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?"

சிரில் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். மழைத் தூறல் அவன் வழுக்கையில் விழுந்தது. "ஒரு விஷயம் சொல்லணும். பல தடவை சொல்ல வந்தேன், வாய் வரல. பெரில் ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஒரு நாள் நான் தனியா பாக்கப் போனேன் இல்ல? அன்னிக்குச் சொன்னா. உங்க அம்மாவைப் பத்தி. கதவுல எழுதினதைப் பத்தி. முதல் நாள் ஏன் என்னைக் குத்தினீங்கன்னு."

வில்ஃப் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு அந்த அர்த்தமே தெரியாது, சத்தியமா. வீட்டுக்கு வந்து பேத்திகிட்ட கம்ப்யூட்டர்ல தேடச் சொன்னேன். அப்படியேதான் போட்டிருந்துச்சு. இத்தனை வருஷம் நான் உங்களை... தினம் தினம், நாலு பேர் முன்னாடி, உங்க அம்மாவை நானே... நீங்க ஒரு வார்த்தை சொல்லல. சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க. நாபிகிட்டயும் ரேகிட்டயும் அந்த வார்த்தை இனிமே இவர்கிட்ட வரக்கூடாதுன்னு மட்டும் சொன்னேன். காரணம் சொல்லல. என்னை மன்னிச்சுடுங்க வில்ஃப்ரெட்."

"பெரில் வேற என்ன சொன்னா?"

"அவளுக்கு மூச்சு வாங்குச்சு. 'ஆனா நீ, சிரில்...'னு என்னமோ ஆரம்பிச்சா. நர்ஸ் வந்துட்டா. எனக்கும் அங்க நிக்க வெக்கமா இருந்துச்சு. கிளம்பிட்டேன்."

"மீதியையும் கேட்டுட்டு வந்திருக்கக் கூடாதா? அவ்வளவு அவசரமா உனக்கு?"

சிரில் தலையைக் குனிந்துகொண்டான். வில்ஃபுக்கு எரிச்சலாக வந்தது. தான் போனபிறகும் வில்ஃபின் காதில் அந்த வார்த்தை விழட்டும் என்றுதான் பெரில் சிரிலைப் பிடித்து வைத்துச் சொல்ல வந்திருப்பாள். 'ஆனா நீ நிறுத்திடாதே.' வேறென்ன சொல்லியிருப்பாள்? இந்த மடையன் பாதியைக் கேட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான்.

"போ" என்றான்.

"வில்ஃப்ரெட்..."

கதவைச் சாத்திவிட்டான். சிரிலின் முகத்திலேயே சாத்தினான். அப்புறம் இருட்டு நடையில் விறுவிறு என்று நடந்து, சமையல்கட்டுக்குப் போய், கொல்லைக் கதவை அகலமாகத் திறந்து, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"பின்னாடி வாடா, கிட்! மனுஷன் வர்ற வழியில வா!"

எதிர்வீட்டு நாய் குரைத்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சந்தில் காலடிச் சத்தம் கேட்டது. சிரில் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தான். பாலிஷ் போட்ட ஷூவெல்லாம் சேறு. உள்ளே வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தான். வில்ஃப் கெட்டிலை அடுப்பில் வைத்தான்.

"கேளு" என்றான் திரும்பாமலே. "எங்க அம்மாவைத் திட்டினது அந்தத் தெருக்காரங்க. நீ என்னைத் திட்டலடா, கூப்பிட்ட. வித்தியாசம் தெரியாத அளவுக்கு எனக்கு என்ன மூளை இல்லையா? நீ கூப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் அந்த வார்த்தையைக் கேட்டா எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வர்றது நின்னுச்சு. பெரில் போயிட்டா. இந்த உலகத்துல அப்படிக் கூப்பிட மிச்சம் இருந்தது நீ ஒருத்தன். நீயும் வாங்க போங்கன்னா நான் எங்கடா போவேன்?"

சிரில் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"சரி, சொல்லு" என்றான் வில்ஃப்.

சிரில் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். "முடியலயே. சொல்லப்போனா உங்க அம்மா மண்டி போட்டுத் தேய்க்கிறது கண்ணு முன்னாடி வருது. நான் பாத்ததுகூட இல்ல, ஆனா வருது. விட்டுடுங்க, வில்ஃப்ரெட். வேற எப்படி வேணாலும் கூப்பிடறேன்."

வில்ஃப் கெட்டில் பக்கம் திரும்பிக்கொண்டான். அவ்வளவுதான். வார்த்தை செத்துவிட்டது. கெட்டில் கொதித்தது. டீயை ஊற்றினான், பாலை விட்டான். ஷீலாவின் கேக்கை இரண்டு துண்டாக வெட்டி வைத்தான். இரண்டு கிழவர்களும் பெரிலின் காலி நாற்காலியைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தார்கள். பேச ஒன்றுமில்லாதபோது எதையாவது பேச வேண்டுமே என்று சிரில்தான் ஆரம்பித்தான்.

"கோப்பை போனதுகூடப் பரவாயில்ல. கண்ணு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. ஆறுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியலன்னா ரோட்டுல எப்படி நடப்பீங்க?"

"நல்லாத் தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"ஆறு. லென் கையில ஆறுன்னும் தெரியும். என் கையில மூணு இருந்ததும் தெரியும்."

சிரில் கேக்கை வாய்ப்பக்கம் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். "அப்புறம் ஏன் ஆறை வச்சீங்க?"

"வேணும்னேதான் வச்சேன்."

"வேணும்னேவா?"

"ஆமா. நீ திட்டுவேன்னு."

"இரு இரு. வேணும்னே தோத்தியா?" சிரில் கேக்கைத் தட்டில் வைத்தான். காது மடல் சிவந்துகொண்டு வந்தது. "கோப்பையை? கால்வாய்க்கரைக்காரனுக்கா? நான் அதுக்கு அலமாரியில இடம் ஒழிச்சு வச்சேன்டா! மாரீன் துணியெல்லாம் தைச்சு வச்சாடா கீழ விரிக்க! அந்தத் தடியன் லென் இன்னிக்கும் என்னைக் கடைத்தெருவுல பாத்து ஆறு விரலைக் காட்டுறான்டா! வேணும்னேவா குடுத்த? நீயெல்லாம் மனுஷனா? கிட்! கேடுகெட்ட, சுயநலம் பிடிச்ச, கிழட்டு கிட்!"

உடைந்த பல் வழியாகக் காற்றும் சேர்ந்து வந்தது.

சிரில் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான். வில்ஃப் எழுந்து பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றான். குழாயைத் திறந்தான். கழுவ ஒன்றுமில்லை. தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவன் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறானா அழுகிறானா என்று சிரிலுக்குத் தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்க்கவும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஊர் ஆம்பிளைகள் அதற்கெல்லாம் பழகினவர்கள் இல்லை. மேஜையைப் பார்த்தான், கோப்பைகளைப் பார்த்தான். அவனுக்கு வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னான்.

"டீ ஆறுது, கிழட்டு கிட்."

வில்ஃப் திரும்பினான். பெரில் தினம் காலையில் மாடிப்படியைப் பார்த்துக் கத்துவது அதுதான் என்று சிரிலுக்குத் தெரியாது. வில்ஃப் சொல்லவும் இல்லை. தண்ணீரை நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே வந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தான்.